கழிச்சலுக்கு ஊசி தேடும் முன் தீவனத்தைப் பாருங்கள்

"தாயிடமிருந்து பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, குட்டிகள் தண்ணீராகக் கழிகின்றன. என்ன ஊசி போடலாம்?" பன்றிப் பண்ணைகளிலிருந்து கால்நடை மருத்துவருக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பிரித்த மறுநாள் குட்டி என்ன தின்றது என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது.

பால் குடிக்கும் குட்டியின் குடலில் லாக்டோபேசிலஸ் போன்ற, பாலுக்குப் பழகிய பாக்டீரியாக்களே அதிகம். பாலிலுள்ள லாக்டோஸை அவை லாக்டிக் அமிலமாக்கும். குட்டியின் வயிறு சொந்தமாகப் போதுமான அமிலம் சுரக்கும் வயதில்லை அது. இந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளைத் தடுத்து வைக்கிறது. மூன்று, நான்கு வாரத்தில் பிரிக்கும்போது பாலும் நிற்கிறது, பால்வழி வந்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் நிற்கின்றன.

அடுத்து நடப்பதுதான் முக்கியம். புதுக் கொட்டகை, புதுக் கூட்டாளிகள், காய்ந்த தீவனம்: பல குட்டிகள் முதல் ஒன்றிரண்டு நாள் வாயே வைக்காது. உணவு படாத சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் சுருங்கிப்போகும். அப்புறம் பசி தாளாமல் முட்டமுட்டத் தின்னும். செரிக்காத புரதம் பெருங்குடலுக்கு இறங்கி, அங்கே அழுகி அம்மோனியாவாகும். கழிச்சலை உண்டாக்கும் ஈ.கோலை கிருமிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

இதனால்தான் "புரதம் கூடினால் வளர்ச்சி கூடும்" என்ற கணக்கு இந்த வயதில் பலிப்பதில்லை. புரதத்தை 21–22 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் அளவுக்கு இறக்கி, லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபேன் ஆகிய அமினோ அமிலங்களை (புரதத்தின் கூறுகளை) தனியாகச் சேர்ப்பது நல்லது. சோயாப் புண்ணாக்கை ஒரேயடியாகக் கூட்ட வேண்டாம். தீவனத்தில் சேரும் சுண்ணாம்புத்தூளையும் கவனியுங்கள், வயிற்றில் இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் அது முறித்துவிடும். கொரகொரப்பான தவிடு சிறிதளவு இருந்தால் குடல் சீராக ஓடும். நார்ச்சத்தை உடைக்கும் பிரிவோடெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பால் மறந்த பிறகு தாமாகவே பெருகும், அவற்றுக்கும் தீனி வேண்டுமே.

துத்தநாக ஆக்சைடைத் தீவனத்தில் அதிக அளவில் கலந்தால் கழிச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி மண்ணில் சேர்கிறது. 2022 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியம் மருந்தளவில் அதைக் கலப்பதை நிறுத்திவிட்டது. ஆன்டிபயாடிக்கை வழக்கமாகத் தீவனத்தில் கலப்பதோ, நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்று மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடும்.

குட்டி பிறந்து பத்து நாளிலிருந்தே தாயருகே கொஞ்சம் குட்டித் தீவனம் வையுங்கள். பிரித்த முதல் வாரமும் அதே தீவனம்தான். முதல் சில நாள் வெதுவெதுப்பான நீரில் கஞ்சிபோல் கரைத்து, தாழ்வான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். மிச்சத்தைக் கழுவிக் கொட்டுங்கள், புளித்தால் தொல்லை. பிரித்த மறுநாள் மாலை ஒவ்வொரு குட்டியின் விலாவையும் தொட்டுப் பாருங்கள். விலா ஒட்டிக் கிடந்தால் அந்தக் குட்டி தின்னவில்லை. அதற்குத் தனியாக ஊட்டுங்கள்.

சாணத்தில் ரத்தம், காய்ச்சல், இமை வீக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் மட்டும் தீவனத்தை மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரை அழையுங்கள்.