ரெண்டர் ஃபார்ம்: பண்ணையா, களமா?

"ரெண்டர் போட்டாச்சா?"

ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் நாங்கள் வேலை செய்யும் சின்ன அறையில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இந்தக் கேள்வி எழும். கணினியில் அமைத்த காட்சியைக் கணக்குப் போட்டு முழுப் படமாக ஆக்குவதுதான் ரெண்டர். முப்பரிமாணப் படம் செய்கிறவர்கள் ரெண்டரைப் 'போடுவார்கள்', ராத்திரிக்கு 'விட்டுவிட்டுப்' போவார்கள். ஒரு படத்தின் ரெண்டர் வேலையைப் பல கணினிகள் நெட்வொர்க் வழியாகப் பங்கு போட்டுக்கொண்டு செய்தால் அந்த ஏற்பாட்டுக்கு ரெண்டர் ஃபார்ம் என்று பெயர். 'வழங்கல் பண்ணை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இப்போது அதன் இரண்டு பாதியுமே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன்.

ரெண்டர் என்பதன் வேர் லத்தீன் 'ரெத்தெரே'. திருப்பிக் கொடு என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 'கண்டதை ஓவியமாக ஆக்கித் தருதல்' என்ற பொருளையும் ஏற்றது. கணினி செய்வதும் அதைத்தான். கோடு, புள்ளி, விளக்கின் இடம், பரப்பின் நிறம் என்று நாம் எண்களாகக் கொடுத்ததை அது கணக்குப் போட்டுப் படமாகத் திருப்பித் தருகிறது. 'வழங்கல்' என்று சொல்லும்போது தருவது மட்டும் நிற்கிறது, படம் காணாமல் போகிறது.

தமிழுக்கு இது புதிய கருத்தும் அல்ல. நெடுநல்வாடையில், பாசறைக்குப் போன தலைவனைப் பிரிந்து அணிகலன் இல்லாமல் கிடக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போன்றவள் என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம் என்று அதற்கு உரை. ரெண்டர் போடும் முன் எங்கள் திரையில் கம்பிக்கூடாக நிற்கும் உருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை யாரும் வைக்க முடியாது. அப்படியானால் ரெண்டர் என்பது புனைதல்தானே? பொருளால் ஆம். ஆனால் இன்று 'புனைவு' என்றால் கதை என்றே காதில் விழுகிறது. அதனால் பக்கத்திலேயே நிற்கும் 'வனைதல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். குயவர் பானை வனைவதும் அந்தச் சொல்தான், ஓவியம் எழுதுவதும் அந்தச் சொல்தான்.

ஃபார்ம் இன்னும் சுவையானது. அது முதலில் நிலத்தையே குறிக்கவில்லை. இடைக்கால லத்தீனில் 'ஃபிர்மா' என்றால் உறுதி செய்யப்பட்ட தொகை, அதாவது குத்தகைப் பணம். குத்தகைக்கு விட்ட நிலம் ஃபார்ம் ஆயிற்று, பிறகு பயிர் செய்யும் எந்த நிலமும் ஃபார்ம் ஆயிற்று. சங்கு குளிக்கும் உரிமையையே குத்தகைக்கு விட்டுப் பழகிய கரை இது, இந்தப் பொருள் நமக்கு எளிதில் பிடிபடும். மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு தங்கள் கணினிகளில் ரெண்டர் செய்துதரும் இணைய நிறுவனங்கள் இப்போது உண்டு. சொல் தன் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது.

பண்ணை ஏன் வேண்டாம்? பண்ணையில் பொருள் வளரும். இங்கே எதுவும் வளர்வதில்லை. பயிர் முழுவதும் வரைகிறவருடைய மேசையிலேயே விளைந்து முற்றிவிட்டது. அறுத்ததைக் கொண்டுவந்து போட்டு, அடித்து, நெல்லாக அள்ளும் இடம்தான் ரெண்டர் ஃபார்ம். அந்த இடத்துக்கு நம் ஊரில் களம் என்று பெயர். நெற்களம் இருக்கிறது, மிளகாய் காயும் களம் இருக்கிறது. வனைகளம் என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் உட்கார்ந்தது. உப்பளத்தில் இருக்கும் 'அளம்' மீதும் ஆசைதான். ஆனால் கரையை விட்டு உள்ளே போனால் அந்தச் சொல் தனியாகப் புரிவதில்லை.

உப்பளத்தை விளக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். உப்பளங்கள் உள்ள வாலிநோக்கம் பக்கம் போனவர்கள் பாத்திகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு பாத்தியில் உப்பு பூப்பதற்குப் பக்கத்துப் பாத்தி காத்திருப்பதில்லை. அசைவுப்படத்தின் சட்டகங்களும், அதாவது ஃபிரேம்களும், அப்படித்தான். பெரும்பாலான காட்சிகளில் நூறாவது சட்டகத்தை வனைய தொண்ணூற்றொன்பதாவது முடிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடப் படத்துக்கு நொடிக்கு 24 வீதம் 1,440 சட்டகங்கள். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் ஒரு கணினிக்கு 120 மணி நேரம், ஐந்து நாள் முழுசாக. ஆறு கணினிகள் பிரித்துக்கொண்டால் 20 மணி நேரம். பிக்சார் நிறுவனம், 1995இல் வெளியான முதல் முழுநீளக் கணினி அசைவுப்படமான 'டாய் ஸ்டோரி'க்கு 117 சன் கணினிகளை இப்படி உழைக்கவிட்டது.

ஒரே ஒரு பெரிய படத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பல கணினிகள் சேர்ந்து வனைவது வேறு வகை. அது கரைவலை இழுப்பது மாதிரி. எல்லோரும் ஒரே வலையைப் பிடித்திருக்கிறார்கள், மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வந்து சேரும்வரை யாருக்கும் மீன் இல்லை. முன்னதைப் பங்கு வனைவு என்றும் பின்னதைக் கூட்டு வனைவு என்றும் பிரித்துச் சொல்லலாம்.

இதை நடத்தத் துணை மென்பொருள் வேண்டும். நாங்கள் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரோடு, ரெண்டர் வேலையைப் பங்கிடும் ஃபிளமென்கோ வைத்திருக்கிறோம், இரண்டும் இலவசம். ஃபிளமென்கோவில் மூன்று உறுப்புகள். பிளெண்டருக்குள் செருகி வைப்பது ஒன்று, அதைச் செருகுநிரல் (ஆட்-ஆன்) என்பது சரி. மற்ற இரண்டும் எதற்குள்ளும் செருகப்படுவதில்லை, தனியாக ஓடுகின்றன. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் 'மேனேஜர்' ஒரு கணினியில் ஓடும், வாங்கிச் செய்யும் 'ஒர்க்கர்' வேலை செய்யும் ஒவ்வொரு கணினியிலும் ஓடும். இவற்றையும் செருகுநிரல் என்றே எழுதினால் புதிதாகப் படிக்கிறவர் எங்கே செருகுவது என்று தேடுவார். துணைநிரல் என்றே சொல்லுவோம்: பங்கிடும் துணைநிரல், பணி செய்யும் துணைநிரல். மூன்றும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பிளெண்டரும் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் சட்டகத்துக்குச் சட்டகம் நிறம் மாறாது.

புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே எழும் காட்சியைச் செய்தபோது எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. காலையில் வந்து பார்த்த தம்பி கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க வாங்க. கடல் ரோஸ் கலர்ல வந்திருக்கு."

எல்லாச் சட்டகமும் அல்ல. ஐந்து சட்டகத்தில் பாலத்துக்குக் கீழே கடல் நீலமாக இருந்தது, அடுத்த ஐந்தில் அதே அலை பளீரென்ற ரோஸில் மின்னியது. பரப்புக்குப் போர்த்திய படத்தைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பிளெண்டர் அந்த இடத்தில் இந்த நிறத்தைப் பூசிவிடும். தண்ணீருக்கான படத்தை நான் என் கணினியின் சொந்த டிரைவிலேயே விட்டுவிட்டேன். என் கணினி வனைந்த சட்டகங்கள் நீலம், மற்றவை ரோஸ். எல்லோரும் ஒரே வழியில் போய் எடுக்கக்கூடிய பொது இடத்தில் எல்லாக் கோப்பும் இருக்க வேண்டும் என்பது வனைகளத்தின் முதல் விதி.

நல்லவேளையாக, ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனிப் படக் கோப்பாகச் சேமித்திருந்தோம். எங்கள் பக்கம் காற்று வீசினாலே மின்சாரம் போகும், ஒரே வீடியோவாகச் சேமித்தால் மொத்தமும் வீணாகும். ரோஸ் விழுந்த சட்டகங்களை மட்டும் மறுபடி வனையவிட்டோம்.

அன்றைக்கே பழைய கணினி ஒன்றைப் பொதுச் சேமிப்புக்கு ஒதுக்கினோம். தம்பி ஒரு தாளில் 'களம்' என்று எழுதி அதன் நெற்றியில் ஒட்டினான். இப்போது சாயங்காலம் கிளம்பும்போது அவன் சொல்வது இதுதான்: "அண்ணே, எல்லாத்தையும் களத்துல போட்டாச்சு."