ஆய்லருக்கு அதிகபட்சம் 372 வகுத்தல்கள்

2147483647. நம் வழக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. 31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது இது. இப்படிப் பிறக்கும் எண் பகா எண்ணாகவும் இருந்துவிட்டால் அதை மெர்சென் பகா எண் என்பார்கள். 3, 7, 31, 127 என்று போகும் அந்த வரிசையில் இதற்கு எட்டாவது இடம்.

இது பகா எண்தான் என்று 1772-இல் பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை கிட்டத்தட்ட போய்விட்டிருந்தது. வர்க்கமூலமான 46,340 வரை எந்தப் பகா எண்ணாலும் இது வகுபடவில்லை என்று காட்ட வேண்டும். அதுவரை ஏறக்குறைய 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுப்பதாவது!

அவர் செய்த தந்திரத்தைச் சின்ன எண்ணில் பார்ப்போம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அதன் ஒரு காரணி 23. இப்போது 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 23-ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. சரியாகப் பதினோராவது அடியில் 1 வந்துவிட்டது. இனி இதே சுற்றுதான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஃபெர்மாவின் தேற்றப்படி, வகுக்கும் பகா எண்ணில் ஒன்று குறைந்த அடியிலும், அதாவது 22-ஆவது அடியிலும், மீதி 1 ஆக வேண்டும். ஆகவே 22 என்பது 11-இன் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். 2047-இன் இன்னொரு காரணி 89. அதில் ஒன்றைக் கழித்தால் 88, அதுவும் 11-இன் மடங்கு.

நம் எண்ணுக்கும் அதே கதைதான். அதற்குக் காரணி இருந்தால், ஒன்றைக் கழித்த பிறகு அது 31-ஆல் வகுபட வேண்டும்; இரட்டை எண் என்பதால் 62-ஆலும். இத்துடன் இன்னொரு சல்லடை: அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டிலும் தப்பி, வகுத்துப் பார்க்க வேண்டியவை அதிகபட்சம் 372. ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை.

இதை வைத்து 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைத்தது. தன்னைத் தவிர்த்த காரணிகளையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண், 6 மாதிரி. இதைவிடப் பெரியதை யாரும் தேடப்போவதில்லை, அதனால் பயனும் இல்லை என்று 1811-இல் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதிவைத்தார். பாவம், அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்புறம் கணினி வந்தது. ஓர் எண்ணுக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுத 32 இடங்கள் என்றால், அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. அத்தனையும் ஒன்றானால் நம் எண்தான். அதற்கு மேல் இடமில்லை. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இந்த அளவில் எண்ணும் பழைய கருவிகள், 64 பிட்டுக்கு மாறாவிட்டால், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இதைத் தொடும். அடுத்த நொடியில் குறி கழித்தலாக மாறி, அவற்றுக்கு 1901 டிசம்பர்.