முடி அறாது, வேர்தான் ஆடிப்போகும்

நெற்றியோரம் முடி ஏறிக்கொண்டே போகிறது என்றால் எண்ணெயை மாற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறைய, ஷாம்பூவை மாற்றுகிறவர்கள் அதைவிட நிறைய, தண்ணீரைக் குறை சொல்கிறவர்களுக்குக் கணக்கே இல்லை (சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில்கூட உப்புத்தண்ணீருக்குத்தான் திட்டு விழுகிறது). பின்னலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்கள்தான் குறைவு.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நடுவகிடு எடுத்து, ஒரு முடி பறக்காமல் படிய வாரி, ரெட்டைஜடை பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டினால்தான் அமுச்சிக்குத் திருப்தி. வலிக்குது என்று பிள்ளை நெளிந்தால் "சித்த நேரம் ஆடாம இரு கண்ணு" என்று இன்னும் ஒரு இழுப்பு விழும். அந்த வலியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் முடி போகப்போகிறது என்பதற்கு முதல் தகவல் அதுதான்.

இதற்கு மருத்துவத்தில் ட்ராக்‌ஷன் அலோபீஷியா என்று பெயர், அதாவது இழுபட்டு இழுபட்டே உதிர்வது. 1907-லேயே ட்ரெபிட்ச் என்பவர் கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்கள் முடியை இறுக்கிக் கட்டும் வழக்கம் உள்ளவர்கள். பிறகு தலைப்பாகைக்குள் முடியை முறுக்கி முடிகிற சீக்கியர்களிடம், தலையோடு ஒட்டிப் பின்னிக்கொள்ளும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம், கொண்டையோடே வளரும் பாலே நடனக்காரர்களிடம் என்று வரிசையாகக் கண்டார்கள். ஊர் எதுவானாலும், எங்கே இழுவை விழுந்ததோ அங்கேதான் முடி போயிருக்கிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? நல்ல முடி ஒன்று ஏறக்குறைய 100 கிராம் எடையைத் தாங்கும், அவ்வளவு உறுதி. சிக்கலே அந்த உறுதியில்தான் இருக்கிறது. காங்கேயம் காளையை முளைக்குச்சியில் கட்டி வைத்தால் கயிறு அறுவதில்லை, மாடு தினமும் இழுத்து இழுத்து முளைதான் ஆடிப்போகும். வெளியே தெரிகிற முடி கெரட்டின் என்கிற புரதத்தாலான உயிரில்லாத இழை. தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் முடிக்குழியில்தான் உயிர் இருக்கிறது, இழுவை முழுக்க அங்கே போய்ச் சேருகிறது.

குழிக்குள் முடியைச் சுற்றி ஒரு உறை உண்டு. உறையின் செதில்களும் முடியின் செதில்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு பிடித்திருக்கும். இழுவை ஓயாமல் இருந்தால் அந்தப் பிடி நெகிழ்ந்து, குழியைச் சுற்றி அழற்சி வந்து, வேர்க்கால்கள் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். சாதாரணமாக ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளரும், அப்புறம் சுமார் 3 மாதம் ஓய்வு, பிறகு உதிர்ந்து புதுசு முளைக்கும். இழுபடும் முடி வளர்கிற பருவத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓய்வுக்குப் போய்விடுகிறது, அடுத்து வருவது கொஞ்சம் மெலிசாக வருகிறது. இந்தக் கட்டம் வரைக்கும் பயமில்லை, தளர்த்தினால் திரும்பி வரும். ஆனால் குழியின் நடுப்பக்கத்தில், முடியைச் சிலிர்க்க வைக்கிற குட்டித் தசை ஒட்டியிருக்கும் இடத்தில், புது முடியை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அழற்சி வருடக்கணக்கில் நீடித்து அவை அழிந்துவிட்டால் குழி இருந்த இடம் வெறும் தழும்பு நாராகிவிடும், அங்கே எதைத் தேய்த்தும் பயனில்லை.

எண்ணெய் ஏன் உதவாது என்பது இப்போது புரியும். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன். அது முடி இழைக்குள்ளேயே இறங்கி, தலைக்குக் குளிக்கும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது இழைக்குச் செய்கிற நன்மை, குழி படும் பாட்டுக்கு அதில் மருந்தில்லை. சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பது புழுவெட்டுக்குச் சொல்லப்படும் வைத்தியம், ஏற்கெனவே சிவந்து கிடக்கிற வேர்க்காலில் அதைத் தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம்.

இது இழுவையால்தான் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெற்றியோரமும் காதுக்கு முன்னால் கிருதாப் பக்கமும் முதலில் போகும், ஏனென்றால் அந்த முடி முன்பக்கமாக வளர்கிறது, நாம் அதைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டுகிறோம். முடி போன இடத்துக்கும் முன்னால், பழைய நெற்றிக்கோட்டிலேயே, ஒரு வரிசை பூனைமுடி மட்டும் மிச்சம் நிற்கும். பின்னலுக்கு எட்டாத நீளம் என்பதால் அது தப்பித்துக்கொண்டது! நல்ல தடயம் இது. முடியின் அடியில் வெள்ளையாகக் குழாய் மாதிரி ஏதாவது தெரிந்தால் ஈர் என்று பேன் சீப்பைத் தேடாதீர்கள். நகத்தால் தள்ளிப் பாருங்கள், ஈர் ஒட்டிக்கொண்டு நகராது, உறை கழன்று வந்ததாக இருந்தால் சுலபமாக நகரும். அது தெரிகிறது என்றால் இழுவை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போவதும், தலை முழுக்கக் கொத்தாகக் கொட்டுவதும் வேறு கதை. தைராய்டு, இரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு என்று காரணம் பல. மாதவிடாய் நின்றவர்களுக்குப் புருவமும் சேர்ந்து உதிர்ந்து நெற்றி ஏறினால் அது தனி நோய், தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தடுப்பது பெரிய வித்தையில்லை. பின்னி முடித்ததும் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள், நெற்றித்தோல் இழுபட்டால் இறுக்கம் அதிகம், அவிழ்த்துவிடுங்கள். கொப்புளம் வந்தால் அன்றைக்கே அவிழ்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஈரத்தோடு இறுக்கிப் பின்னுவது வேண்டாம். ஈர முடி அதிகமாக நீளும், சுலபமாக அறும். வகிட்டை அவ்வப்போது மாற்றுங்கள். வெறும் ரப்பர் பேண்டை விட்டுவிட்டுத் துணி சுற்றியதைப் போடுங்கள். சவுரியும் குஞ்சலமும் கல்யாணத்துக்கும் அரங்கேற்றத்துக்கும் இருக்கட்டும், தினசரி நடன வகுப்புக்கு அந்த எடை எதற்கு? சத்தியமங்கலம் மல்லியை எத்தனை முழம் வேண்டுமானாலும் வைக்கலாம், ஊசியைத் தினமும் ஒரே இடத்தில் குத்தாமல் இருந்தால் சரி. நூற்பாலையில் வேலை செய்கிறவர்கள் முடியைத் தொங்கவிட முடியாது, மிஷினில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவர்கள் பிடரிக்குத் தாழ்வாக, தளர்வாகக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்கிக்கொள்ளலாம். பார்லரில் கெமிக்கல் வைத்து நேராக்கிய முடியை இறுக்கிக் கட்டுவதுதான் மிக மோசமான கூட்டு.

ஏற்கெனவே முடி போயிருந்தால் முதல் மருந்து தளர்த்துவதுதான், அதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செலவு. அழற்சி இருந்தால் மருத்துவர் ஸ்டீராய்டு லோஷனோ, அந்த இடத்திலேயே ஊசியோ, சில நேரம் ஆன்டிபயாட்டிக் மாத்திரையோ தருவார். மினாக்சிடில் 2 அல்லது 5 சதவீதக் கரைசலும் கொடுப்பதுண்டு. முதலில் இரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளரவே தலைக்கும் பூச ஆரம்பித்தார்கள். பூசத் தொடங்கிய சில வாரம் உதிர்வு கூடும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும், பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசவே கூடாது. தோல் வழுவழுப்பாகி, குழியின் துளையே தெரியாமல் போயிருந்தால் மிச்சமிருக்கும் வழி முடி நடுவதுதான், நட்டதையும் பழையபடி இறுக்கிக் கட்டினால் அதுவும் போகும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். அதனால் தளர்த்திய மறுவாரமே கண்ணாடியில் தேட வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் நெற்றியோரத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், 3 முதல் 6 மாதத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் போட்டோக்களோடு தோல் மருத்துவரைப் பாருங்கள்.