பேலியேட்டிவ் கேர்: தமிழில் என்ன சொல்வது?

"பேலியேட்டிவுக்கு எழுதிட்டாங்க." புற்றுநோய் வார்டு வராந்தாவில் இதைச் சொல்பவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "அப்போ கைவிட்டுட்டாங்களா?" என்பார் கேட்பவர். அந்தச் சொல்லில் அப்படியொரு பொருளே இல்லை.

லத்தீனில் 'பாலியம்' என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் துணி. அதன் வழிவந்த 'பேலியேட்' என்ற ஆங்கில வினை, குற்றத்தைப் பூசி மெழுகுவதையும் குறிக்கும். மருத்துவத்தில் அது, நோயின் வேரைக் களையாவிட்டாலும் வேதனையைக் குறைப்பது. இன்றைய பெயரை 1970-களில் வைத்தவர் கனடாவின் மாண்ட்ரியலில் அறுவை மருத்துவராக இருந்த பால்ஃபர் மவுண்ட். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் தொடங்கிய, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். ஆனால் பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியலில் 'ஹாஸ்பிஸ்' என்றால் போக்கிடம் இல்லாதவர்களின் விடுதி. அந்தக் கறை படியாத சொல்லைத் தேடித்தான் 'பேலியேட்டிவ் கேர்' என்பதைப் பிடித்தார்.

இதிலும் கறை படிந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2007-ல் இந்தப் பிரிவின் பெயரை 'சப்போர்ட்டிவ் கேர்' (துணையாக நிற்கும் பராமரிப்பு) என்று மாற்றிப் பார்த்தது. அதன் பிறகு அங்கே அனுப்பப்பட்ட நோயாளிகள் 41 சதவீதம் கூடினார்கள் என்று 2011-ல் ஆய்வறிக்கை வந்தது. வைத்தியம் அதேதான், பலகை மட்டும் வேறு! சீக்கிரம் அனுப்புவதில் பலன் உண்டு. பாஸ்டனில் முற்றிப் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் வாழ்நாள் இடைநிலை அளவில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

சரி, தமிழுக்கு வருவோம். 'வலி நிவாரண சிகிச்சை' போதாது. மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை, பயம் எல்லாமே இங்கே கவனிக்க வேண்டியவை. கடும் வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரை என எழுதும் மருத்துவர், அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதுவார். வலி போய் மலச்சிக்கல் வந்தால் என்ன லாபம்? 'அந்திமகால சிகிச்சை' தவறே. பாஸ்டனில் முதலிலேயே அல்லவா தொடங்கினார்கள்? தமிழக அரசு 'நோய் ஆதரவு' என்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் ஆதரவு நோய்க்கா என்று குறும்பாகக் கேட்கத் தோன்றுகிறது. மலையாளத்தில் 'சாந்த்வன பரிசரணம்', அதாவது ஆறுதல் தரும் பராமரிப்பு.

என் ஓட்டு 'நோய்த்தணிப்பு'க்கு. தாகம் தணியும், கோபம் தணியும், காய்ச்சல் தணியும். 'தீர்'ந்தால் முடிந்துபோயிற்று, 'தணி'ந்தால் வேகம் குறைந்தது, அவ்வளவே. "அதுதணிக்கும் வாய்நாடி" என்று குறளும் நோயோடு இந்த வினையைத்தான் சேர்க்கிறது. 'புற்று குறையாதபோது நோய் தணிந்தது என்பது எப்படி?' என்று கேட்கலாம். நோதல், நோவு, நொந்துபோதல் எல்லாம் ஒரே வேர். பழந்தமிழில் நோய் என்றால் துன்பமும்தான். அந்தப் பொருளில் இது கச்சிதம்.

'சப்போர்ட்டிவ்' கொஞ்சம் அகலமானது. கீமோவால் வரும் வாந்தி, வாய்ப்புண் முதல் சிகிச்சை முடிந்த பிறகான சோர்வு வரை அதில் அடங்கும். அதற்குத் 'துணைப் பராமரிப்பு' போதும். பலகை எழுதுபவர்கள் இரண்டிலும் ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.