நம்ம கடையைப் பற்றி நாமே விக்கிப்பீடியாவில் எழுதலாமா?

வண்ணார்பேட்டையில் வெப்சைட் செய்து கொடுக்கும் தொழில் நடத்துகிறேன். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஜவுளிக்கடை, அல்வாக் கடை என்று யார் வந்தாலும் வேலைப் பட்டியலின் கடைசியில் ஒன்று இருக்கும்: "அப்படியே விக்கிப்பீடியாலயும் ஒரு பக்கம் போட்டு விட்ருங்க அண்ணாச்சி." ஃபேஸ்புக் பக்கம், கூகுள் மேப் வரிசையில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். முடியாது என்றால் முகம் சுருங்கிவிடும். "நம்ம கடையப் பத்தி நமக்குத் தெரியாததா அடுத்தவனுக்குத் தெரியப் போவுது?"

நியாயமான கேள்விதான். நமக்கு எல்லாமே தெரியும். அதில் எதைச் சொல்லாமல் விடுவோம் என்பதுதான் சிக்கல்.

ஒரு பள்ளியின் நிர்வாகம் எழுதிக் கொண்டுவந்த கட்டுரையைப் படித்தேன். முதல் வரியே "நெல்லைச் சீமையின் தலைசிறந்த கல்வி நிறுவனம்". நிறுவனர் பெயருக்கு முன்னால் "கல்வித் தந்தை". இதையெல்லாம் அடித்துவிடலாம், பெரிய விஷயமில்லை. தேர்ச்சி விகிதம் நல்ல வருடங்களுக்கு மட்டும் இருந்தது. கட்டணத்தை எதிர்த்துப் பெற்றோர் மறியல் செய்தது நாளிதழ்களில் வந்த செய்தி; கட்டுரையில் அதைக் காணோம். பள்ளியைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். பின்னால் மனஸ்தாபத்தில் பிரிந்துபோனவரின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "அவரு இப்ப இல்லல்லா" என்றார். இத்தனைக்கும் அந்தக் கட்டுரையில் பொய் என்று சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது.

இதில் பள்ளிக்கூடத்தார் மட்டும் மட்டம் இல்லை. விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே 2005-இல் தன்னைப் பற்றிய கட்டுரையில் கை வைத்து மாட்டிக்கொண்டார். லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று சொல்லும் வரிகளை அவர் மாற்றியது, யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் திருத்த வரலாற்றில் அப்படியே கிடந்தது. அப்புறம் வருத்தம் தெரிவித்தார்.

நல முரண் என்று இதைத்தான் சொல்கிறார்கள். எழுதுகிறவருக்கும் எழுதப்படும் பொருளுக்கும் நடுவே பணமோ, உறவோ, கட்சியோ, சங்கமோ இருந்தால் நல முரண் இருக்கிறது. அவர் கெட்டவர் என்று அதற்குப் பொருள் இல்லை. பணம் வாங்கி எழுதினால் மட்டும் விதி கறாரானது. யாருக்காக எழுதுகிறோம், யார் பணம் தருகிறார்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பதை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014-இல் தன் பயன்பாட்டு விதிமுறைகளில் சேர்த்தது. நம் கணக்குக்குரிய பயனர் பக்கத்திலோ, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்திலோ, மாற்றத்தோடு சேர்த்து எழுதும் தொகுப்புச் சுருக்கத்திலோ சொல்லலாம். அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் பி.ஆர்.ஓ. எழுதினாலும் இதே விதிதான். "எனக்குத் தனியா காசு தரலையே" என்பது செல்லாது.

நம்ம பக்கத்தில் பணத்தைவிடப் பெரிய முரண் ஊரும் சாதியும்தான். கோயில் கட்டுரைகளில் எந்த நாள் மண்டகப்படி யாருக்கு என்று ஒரு வரி திடீரென்று முளைக்கும். அடுத்த வாரம் அதே வரியில் வேறொரு வகையறாவின் பெயர் இருக்கும். திருவிழா நெருங்க நெருங்க இது கூடும். கொடுமை என்னவென்றால், அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஊர்க் கூட்டத்தில் ஆதாரமாக நீட்டுகிறார்கள். நேற்று ராத்திரி மகன் போனில் தட்டியது இன்று காலை அப்பா கையில் ஆவணமாகிவிடுகிறது. இதைப் பார்த்து உள்ளூர் இதழ் ஒன்று செய்தி போட்டுவிட்டால், அந்தச் செய்தியையே கட்டுரைக்குச் சான்றாக இணைத்துவிடுவார்கள். அதற்குமேல் அந்த வரியை அசைப்பது சிரமம். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தொகுப்பவர்கள் மிகவும் குறைவு. இப்படிப்பட்ட வரிகள் ஒருவர் கண்ணிலும் படாமல் நெடுநாள் நிற்கும்.

பெயர் சொல்லாமல் செய்தால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் வர்ஜில் கிரிஃபித் என்ற மாணவர் விக்கிஸ்கேனர் என்றொரு கருவி செய்தார். பயனர் கணக்குத் தொடங்காமல் செய்த திருத்தங்களின் ஐ.பி. முகவரிகளை (இணைய இணைப்பின் அடையாள எண்களை) எடுத்து, அவை எந்த நிறுவனத்துக்கு உரியவை என்று பொருத்திக் காட்டியது. பெரிய கம்பெனிகள், அரசு அலுவலகங்கள் என்று பல பேர் தங்களைப் பற்றிய கட்டுரைகளைத் தாங்களே பூசி மெழுகியது சந்தி சிரித்தது.

இப்போது அவசரமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. "நான் விக்கிப்பீடியா அட்மின் பேசுறேன், உங்க பக்கம் ரிஜெக்ட் ஆகியிருக்கு, பணம் கட்டினா சரி பண்ணிரலாம்" என்று மெயிலோ வாட்ஸாப்போ வந்தால் அது மோசடி. 2015-இல் ஆரஞ்ச்மூடி என்று பெயர் சூட்டப்பட்ட கூட்டம் செய்ததும் இதுதான். நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளாகத் தேடிப் பிடித்து, அந்தக் கடைக்காரரிடமோ கலைஞரிடமோ பணம் கேட்டார்கள். பக்கம் வெளியானதும், அழிக்காமல் காப்பாற்ற மாதா மாதம் தனியாகக் கேட்டார்கள். ஆங்கில விக்கிப்பீடியா அவர்களுடைய 381 கணக்குகளை முடக்கி, 210 கட்டுரைகளை நீக்கியது. பணம் கொடுத்தவர்களுக்குப் பக்கமும் போச்சு, பணமும் போச்சு. விக்கிப்பீடியாவில் பக்கம் போடவோ காப்பாற்றவோ கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. பக்கம் வந்துவிட்டால் அது உங்கள் பக்கம் இல்லை. நாளைக்கே உங்கள் கடையில் அதிகாரிகள் சோதனை போட்டு அது நாளிதழில் வந்தால், யாராவது சான்றோடு சேர்ப்பார்கள். அதை நீக்கச் சொல்லி வெப்சைட் செய்து கொடுத்தவனைக் கூப்பிட்டுப் பயனில்லை.

சரி, கட்டுரையில் நிஜமாகவே தப்பு இருந்தால்? எழுத்துப் பிழையைத் திருத்தலாம். யாரோ கிறுக்கியதை நீக்கலாம். உயிரோடு இருப்பவரைப் பற்றிச் சான்றில்லாமல் அவதூறு இருந்தால் அதையும் உடனே எடுக்கலாம். மற்றதெல்லாம் பேச்சுப் பக்கத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் வருகிறவர்களுக்கு இப்படி எழுதச் சொல்லிக் கொடுக்கிறேன்:

"நான் இந்தப் பள்ளியின் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். கட்டுரையில் தொடங்கிய ஆண்டு 1978 என்று இருக்கிறது. 1987 என்பதே சரி. சான்றாக நாளிதழ்ச் செய்தியின் தேதியும் பக்க எண்ணும் கீழே தந்திருக்கிறேன். தொடர்பில்லாத ஒருவர் சரிபார்த்துத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்."

சான்று என்றால் வெளியார் எழுதியதாக இருக்க வேண்டும். பொன்விழா மலரும், காசு கொடுத்துப் போட்ட விளம்பரச் சிறப்புப் பக்கமும் நாமே நமக்குக் கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்தான். பதில் வர நாளாகலாம். வரவே இல்லையென்றால் ஆலமரத்தடி என்று பொதுவாகப் பேசும் பக்கம் ஒன்று தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கிறது. அங்கே போய், பேச்சுப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து, யாராவது பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.