கல்லில் ஓர் ஈரக்கோடு

வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடகிழக்கே, ராக்போர்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சாக் ஆறு ஸ்காஜிட் ஆற்றோடு வந்து சேரும் இடம். ஏப்ரல் மாதத்தில், மலையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அங்கே போனால் ஓர் ஆற்றுக்குள் இரண்டு ஆறுகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் பாசிப் பச்சை, மறுபக்கம் சிமென்ட் கரைத்த சாம்பல், நடுவே கிழித்ததுபோல் ஒரு கோடு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடிவிட்டுப் பிறகுதான் கலக்கின்றன.

மார்பு வரை ரப்பர் காற்சட்டை மாட்டிக்கொண்டு, 13 அடி நீளத் தூண்டில் கோலோடு அந்தக் கோட்டையே பார்த்தபடி சிலர் நின்றிருப்பார்கள். ஸ்டீல்ஹெட் மீனுக்காக வந்தவர்கள் அவர்கள்.

ஸ்டீல்ஹெட் என்பது தனி இனம் இல்லை. நீலகிரியில் 1907இல் அமைந்த அவலாஞ்சி பொரிப்பகத்தின் பெயரோடு நாம் கேள்விப்பட்டிருக்கும் ரெயின்போ டிரவுட்தான் அது. ஒரே இனத்தில் சில மீன்கள் பிறந்த ஓடையிலேயே வாழ்ந்து முடிகின்றன. சில கடலுக்குப் போய், ஓரிரண்டு ஆண்டுகள் தின்று கொழுத்து, கைநீள மீனாகி, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. அப்படித் திரும்பும் மீனுக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் ஒரு பகுதி பிழைத்து மறுபடி கடலுக்குப் போகும், மறுபடியும் வரும்.

எண்ணிக்கை இப்போது குறைவு. பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் கலக்கும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டை 2007இல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினப் பட்டியலில் சேர்த்தது. ஸ்காஜிட், சாக் ஆறுகளில் வசந்தகால மீன்பிடிப்பு பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2018இல்தான் மீண்டும் திறந்தது. அதுவும் எல்லா ஆண்டும் கிடையாது. மீன் வரத்து போதாது என்று கணிப்பு சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். காட்டு மீன் சிக்கினால் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும். ஆக, சாப்பாட்டுக்காக இல்லாமல், ஒரு மீனைச் சில நிமிடம் தொட்டுப் பார்ப்பதற்காகப் பல நாள் குளிர்ந்த நீரில் நிற்கும் ஆட்கள் இவர்கள். இதைப் பைத்தியம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் இந்தப் பைத்தியம் ஆற்றைப் பற்றிக் கற்றுத் தருவது கொஞ்சநஞ்சமில்லை.

கிளம்புவதற்கு முன் அவர்கள் பார்ப்பது ஓர் எண். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் ஆற்றின் ஓட்டத்தை அளக்கிறது. முதல் நிலையம் 1889இல் நியூ மெக்சிகோவில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் எம்புடோ என்னும் இடத்தில் அமைந்தது. சாக் ஆற்றிலும் ஒரு நிலையம் உண்டு. அலகு நமக்குப் பழக்கமானதுதான். மேட்டூர் நீர்வரத்தை நாளிதழ்கள் எந்த அலகில் அச்சிடுகின்றனவோ அதே வினாடிக்குக் கன அடி.

ஒரு பேச்சுக்கு, செவ்வாய்க்கிழமை காலை, மழையில் ஏறிக்கொண்டிருக்கும் சாக் ஆற்றில் 5,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலை மழை வலுத்து, புதன்கிழமை 12,000க்கு ஏறி, வெள்ளிக்கிழமை மறுபடி 5,000க்கு வந்து நிற்கிறது. கைபேசியில் இரண்டும் ஒரே எண். கரையில் நிற்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஆறு. செவ்வாய்க்கிழமை நீரில் கையை விட்டால் மணிக்கட்டே தெரியாது. வெள்ளிக்கிழமை இடுப்பளவு நீரில் காலணியின் நாடா தெரியும்.

இது ஏன் என்று காவிரிக் கரையில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. புதுவெள்ளத்தின் முதல் நீர் செம்மண்ணாக வரும். அதே அளவு நீர் பத்து நாள் கழித்து ஓடும்போது அந்தச் செம்மை இருக்காது. காய்ந்த நாட்களில் கரையோரத்திலும் ஓடைப் படுகையிலும் சேர்ந்து கிடக்கும் வண்டலையும் சருகையும் ஏறும் நீர் முதலில் வாரிக்கொண்டு வருகிறது. உச்சத்தைத் தொடுவதற்குள்ளேயே அந்தச் சரக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வடியும்போது அதே வேகத்தில் ஓடினாலும் வாரிக்கொள்ளப் பழைய அளவு மண் இல்லை. நீரோட்டத்தைக் கிடைமட்டத்திலும் கலங்கலைச் செங்குத்திலும் வைத்து வரைபடம் போட்டால் ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை என்று ஒரு வளையம் கிடைக்கும். கடிகார முள் திசையில் சுற்றும் வளையம் என்று நீரியலாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

சாக் ஆற்றில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கிளேசியர் பீக் என்னும் 3,213 மீட்டர் உயர எரிமலையின் பனியாறுகளிலிருந்து சூயாட்டில், வைட் சக் என்னும் இரு கிளையாறுகள் அதற்கு நீர் கொண்டுவருகின்றன. பனியாறு நகரும்போது அடியில் மாட்டிய பாறை பாறையோடு உரசி மாவாகிறது. ஆட்டுக்கல்லில் அரைத்ததுபோல அத்தனை நைசான மாவு. நிற்கும் குளிர்ந்த நீரில் மெல்லிய மணல் ஒரு மீட்டர் அடியில் இறங்க மூன்று நிமிடம் போதும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வண்டலுக்குச் சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். அதிலும் ஐந்தில் ஒரு பங்கான களித்துகளுக்குக் கிட்டத்தட்ட 5 நாள். குறுக்களவு குறையக் குறைய, இறங்கும் வேகம் அதன் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்னும் ஸ்டோக்ஸ் விதிதான் இதன் பின்னணி. குளிர்ந்த நீருக்குப் பிசுக்குத் தன்மையும் கூடுதல் என்பதால் கோடையைவிட வசந்தத்தில் தெளிய நேரம் பிடிக்கும். ஓடும் ஆற்றில் நைசான மாவு படியவே படியாது; மேலிருந்து தெளிந்த நீர் வந்து அதைத் தள்ளிக்கொண்டு போனால்தான் உண்டு.

ஸ்காஜிட்டின் மேற்பகுதி பச்சையாக இருப்பதன் மர்மம் இதுதான். அங்கே ராஸ், டயப்லோ, கோர்ஜ் என்று மூன்று அணைகள். மாவெல்லாம் நீர்த்தேக்கத்தில் தங்கிவிடுகிறது. சாக்கில் அணை இல்லை. சாக் கலங்கினால் தூண்டில்காரர்கள் ராக்போர்ட்டுக்கு மேலே போய்விடுவார்கள்.

கைபேசியில் சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்கில் ஆறு ஏறுகிறதா வடிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குனிந்து கரைக்கல்லைப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கல் கருத்து, ஈரமாக, மினுமினுப்பாக இருந்தால் ஆறு வடிகிறது. அந்த ஈரம் காய்வதற்குள் நீர் கீழே இறங்கியிருக்கிறது. கல் உலர்ந்திருந்து, நீர் அதன் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தால், கூடவே சுள்ளியும் பைன் ஊசியிலையும் நுரையும் மிதந்து வந்தால், ஏறுகிறது. கரையில் கிடந்த குப்பையைத் தூக்குவது ஏறும் நீரின் வேலை. சிலர் நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். அரை மணி கழித்துக் குச்சியே பதில் சொல்லும்.

இந்தத் திசை மீனுக்கு ஏன் முக்கியம்? நீர் ஏறும்போது ஸ்டீல்ஹெட் பயணத்தில் இருக்கிறது. கூடுதல் நீர் ஆழமற்ற பாறைத் தடங்களை மூடி வழி திறந்துவிடுகிறது, கலங்கல் பருந்துக்கும் நீர்நாய்க்கும் தெரியாமல் மறைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மீன் பொய்யிரையைத் திரும்பிப் பார்ப்பது அரிது. நீர் வடியத் தொடங்கியதும் அது ஓரிடத்தில் தங்குகிறது. தங்கிய மீனைத்தான் பிடிக்க முடியும். 'வடிந்து தெளிகிறது' என்னும் சொல்லைக் கேட்டதும் இந்த ஆட்கள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிடுவது இதனால்தான்.

எங்கே தங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. நீரின் வேகம் இரட்டித்தால் உடல்மேல் எதிர்ப்பு விசை நான்கு மடங்காகிறது. அதே இடத்தில் நிற்கச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்கு. ஆற்றுக்குள் வந்த ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் உண்பதில்லை, கடலில் சேர்த்த கொழுப்பில்தான் காலம் தள்ளுகிறது. சேமிப்பை மட்டும் நம்பி வாழும் ஓய்வூதியக்காரரைப் போல அது வேகமான நீரில் வீணாகச் செலவு செய்யாது. இயல்பான ஓட்டத்தில், மனிதர் நடக்கும் வேகத்தில் நீர் போகும், ஆள் உயரத்துக்குக் குறைவான ஆழமுள்ள இடங்களில் நிற்கும். வெள்ளத்தில் நடு ஆறு அசுரவேகம் எடுக்கும்போது அது கரையோரத்துக்கு, வில்லோ புதர்களின் நிழலுக்கு ஒதுங்கிவிடுகிறது. புதிதாக வருபவர் மீன் நடுவில் இருக்கிறது என்று எண்ணித் தொடையளவு நீரில் இறங்கி நடப்பார். அவர் கலக்கிவிட்டு வந்த முழங்கால் ஆழத்தில்தான் மீன் இருந்திருக்கும்.

கலங்கிய நீரில் மீன் எப்படிப் பார்க்கிறது என்பது தனிக் கதை. மனிதக் கண்ணின் ஒளியுணர் நிறமி விட்டமின் ஏ1-ஐ அடிப்படையாகக் கொண்டது. நன்னீர் மீன்களில் ஏ2-ஐக் கொண்ட வேறொரு நிறமி இருப்பதை ஜார்ஜ் வால்ட் 1930களில் கண்டார். கண்ணின் வேதியியலுக்காக 1967இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஏ2 நிறமி சிவப்புப் பக்கம் கூடுதல் கூர்மை உடையது. இலைச்சாறு இறங்கிய ஆற்றுநீர் நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பு, ஆரஞ்சு ஒளிகளைத்தான் தூரம் போகவிடும். கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே வாழும் சால்மன் குடும்ப மீன்களின் கண்ணில் இந்த இரு நிறமிகளின் விகிதமே மாறுகிறது. ஏ1-ஐ ஏ2-ஆக மாற்றும் என்சைமை 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீனிலும் தவளையிலும் அடையாளம் கண்டார்கள். வீடு மாறும்போது கண்ணாடியையும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு.

ஆனாலும் கலங்கலில் நிறத்தைவிட நிழலுருவம்தான் பேசுகிறது. மீன் மேல்நோக்கிப் பார்க்கிறது; வானத்தின் ஒளி பின்னணி. அந்தப் பின்னணியில் கறுப்பும் கருநீலமும்தான் எடுப்பாகத் தெரியும். எனவே கலங்கிய நாளில் விரல் நீளத்துக்குத் தீக்கோழி இறகும் முயல் ரோமமும் வைத்துக் கட்டிய கறுப்புப் பொய்யிரை. தெளிந்த நாளில் அதில் பாதி அளவில் மங்கிய ஒன்று. பெரிய இரை நீரைத் தள்ளும் அதிர்வை மீன் தன் உடலின் பக்கக்கோட்டு உறுப்பால் உணரும். ஆனால் அந்தப் புலன் ஓரிரு உடல்நீளத் தூரத்துக்குத்தான் எட்டும். அதனால் கலங்கிய நாளில் மீன் பொய்யிரையைத் தேடி வராது, பொய்யிரைதான் மீனின் முகத்துக்கு நேரே போக வேண்டும்.

கொண்டுபோவதுதான் கடினம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இவர்களுடையது இறகால் கட்டிய பொய்யிரையை வீசும் ஃப்ளை தூண்டில்; அதில் பொய்யிரைக்கு எடையே இல்லை. தடித்த நரம்புதான் எடை, அதைச் சாட்டைபோல் வீச அது இறகை இழுத்துக்கொண்டு போகிறது. பின்னால் மரம் நெருங்கி நிற்கும் கரையில், கனமான முனையையும் பெரிய இறகையும் நீர்மேல் வைத்தே சுருட்டி எறிவதற்கென்று பிறந்த முறைக்கு ஸ்காஜிட் வீச்சு என்றே பெயர், இந்த ஆற்றின் பெயரால். நரம்பின் முனையில் டங்ஸ்டன் பொடி கலந்த மூழ்கும் துண்டு ஒன்றைச் சேர்ப்பார்கள். எடையைக் கிரெயினில் சொல்வது வழக்கம். இரண்டு கிரெயின் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு குன்றிமணி. அடிக்கு 14 கிரெயின் உள்ள துண்டு 10 அடி மாட்டினால் 9 கிராம், அதாவது ஒரு சவரனுக்குச் சற்று மேல். அந்தத் தங்கக் கணக்குதான் இறகை ஆழத்துக்கு இறக்குகிறது.

இறங்கியபின் இயற்பியல் எதிராக வேலை செய்யத் தொடங்கும். ஆற்றின் வேகம் மேலே அதிகம், அடியில் கல்லோடு உரசுவதால் குறைவு. சராசரி வேகம் மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் கிடைக்கும் என்பது நீர் அளப்பவர்களின் பழைய விதி. மேலே கிடக்கும் நரம்பை வேகநீர் வில்லாக வளைத்து, அடியிலிருக்கும் இறகை வெடுக்கென்று இழுத்துப் போகும். கோலை ஒரு சுண்டு சுண்டி நரம்பின் தொப்பையை எதிர்நீர்ப் பக்கம் மடித்துப்போட்டால் சில வினாடி அவகாசம். அதற்குள் இறகு அமிழ்ந்து, பிறகு நரம்பு இறுகி, இறகு ஆற்றின் குறுக்கே ஊசலாடி வரும். வடியும் ஆற்றில் நாள்தோறும் இந்தக் கணக்கு மாறும். புதன்கிழமை சரியாக இருந்த எடை வெள்ளிக்கிழமை அடிக்கல்லில் மாட்டும்.

வெப்பநிலையும் சேர்ந்து ஆடுகிறது. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். 10 டிகிரி ஏறினால் உடலின் வேதிவினைகள் ஏறத்தாழ இரட்டிக்கும். 3 டிகிரி நீரில் ஸ்டீல்ஹெட் ஓர் அடிகூட நகர மனமில்லாமல் கிடக்கும், 8 டிகிரியில் ஆற்றின் பாதியைக் கடந்து வந்து பாயும். ஆகவே மார்ச் மாதத்தில் அதிகாலையில் எழுந்து போவது வெறும் வைராக்கியம். நீர் வெதுவெதுப்பாவது பிற்பகலில்தான்.

ஏப்ரலில் இந்தக் கணக்கும் தலைகீழாகலாம். வெயில் ஏறினால் மலையில் பனி உருகும். உருகிய நீர் பள்ளத்தாக்கைக் கடந்து வரச் சில மணி நேரம் ஆகும். கீழே நிற்பவருக்கு வெயிலின் விளைவு மாலையில், குளிர்ந்த கூடுதல் நீராக வந்து சேரும். ஒரே நாளுக்குள் ஆறு ஒருமுறை வடிந்து ஒருமுறை ஏறிவிடுகிறது.

மீன் சிக்கிவிட்டால் இன்னொரு கடிகாரம் ஓடத் தொடங்கும். 1992இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வகச் சோதனையில் ரெயின்போ டிரவுட்களைக் களைக்கும்வரை நீந்தவிட்டார்கள். காற்றில் எடுக்காமல் விட்டவற்றில் 12 சதவீதம் 12 மணி நேரத்தில் இறந்தன. 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம், 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவீதம். குளிர்ந்த ஆற்றில் காட்டு மீனின் நிலை இதைவிட மேலாக இருக்கலாம். ஆனால் புகைப்படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடித்தபடி சிரிப்பவரைப் பார்த்தால் எனக்கு இந்த மூன்று எண்களும் ஞாபகம் வருகின்றன. வாலை ஈரக்கையால் பற்றி, தலை நீருக்குள்ளேயே இருக்க, எதிர்ப்பல் இல்லாத தூண்டில் முள்ளைக் கழற்றிவிடுபவர்கள் நல்லவர்கள். தெளிந்த கூழாங்கற்பரப்பில் மட்டும் பாய் விரித்ததுபோல வெளிறிய திட்டு தெரிந்தால் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். பெண் மீன் வாலால் கல்லைப் புரட்டி முட்டையைப் புதைத்த இடம் அது.

மாலை ஆறு மணிக்கு வெயில் சரிகிறது. காலையில் இரண்டு விரற்கடை இருந்த ஈரக்கோடு ஒரு விரற்கடையாகி, இப்போது இல்லை. ஒரு பைன் ஊசியிலை மிதந்து வருகிறது, பின்னாலேயே இன்னும் நாலைந்து. நீரில் நின்றவர் நரம்பைச் சுற்றிக்கொண்டு கரையேறுகிறார்.