எம்பிரிக்கல்: அனுபவமும் இல்லை, புலனறிவும் இல்லை

பண்டைக் கிரேக்க மருத்துவம் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைப் போன வாரம் படித்தேன். 'எம்பிரிக்கல் (empirical) சான்று', அதாவது செய்து பார்த்துக் கண்ட சான்று, வரவேண்டிய இடத்திலெல்லாம் 'அனுபவச் சான்று' என்று போட்டிருந்தார்கள். அனுபவச் சான்று என்றால் பழைய கம்பெனியில் வாங்கி, புது வேலைக்குப் போகும்போது நீட்டும் தாள் அல்லவா? இரண்டு பக்கம் தள்ளி, எம்பிரிக் என்ற பெயர் கொண்ட மருத்துவப் பிரிவினர் 'புலனறிவுவாதிகள்' ஆகிவிட்டார்கள். இந்த இரண்டாவது சொல் இப்போது எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

'எம்பிரிக்கல்' என்பதன் மூலச்சொல் கிரேக்கத்தின் 'எம்பெய்ரியா'. 'பெய்ரா' என்றால் முயன்று பார்ப்பது. முன்னால் நிற்கும் 'என்' நம் 'இல்' உருபு மாதிரி. செய்து பார்த்துப் பழகியதில் விளைந்த அறிவு என்று பொருள். பிறப்பு அவ்வளவுதான்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இந்தப் பெயரில் ஒரு மருத்துவப் பிரிவு எழுந்தது. உடலுக்குள் ஒளிந்திருக்கும் காரணங்களைப் பற்றி வாதாடிப் பயனில்லை, எந்த நோய் எந்த மருந்துக்குக் கேட்டது என்று பாருங்கள் என்றார்கள் அவர்கள். அவர்களுடைய அறிவு மூன்று காலில் நின்றது. அதை முக்காலி என்றே அழைத்தார்கள். ஒன்று, தானே கண்டது. இரண்டு, பிறர் கண்டு எழுதிவைத்தது. மூன்று, ஒத்த இன்னொன்றுக்கு நகர்வது: கையில் வந்த நோய்க்குக் கேட்ட மருந்தை, அதே நோய் தொடையில் வந்தால் போட்டுப் பார்ப்பது.

இந்த இரண்டாவது காலை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய மருத்துவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு என் புலனுக்கு எப்படி எட்டும்? அவர்களோ அதையும் தங்கள் அறிவில் பெரும் பங்காக வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் புலனறிவுவாதிகள் என்றால், முக்காலியில் ஒரு காலை ஒடித்த மாதிரிதான். மனிதன் பிறக்கும்போதே சில கருத்துகளோடு பிறக்கிறானா, எல்லாம் புலன் வழியாக வந்தவையா என்பது 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் காலத்துச் சண்டை. அந்தச் சண்டைக்காக ஆக்கிய சொல்லை, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

அரிஸ்டாட்டிலிடம் கேட்டாலும் இதே பதில்தான். அவருடைய 'மெட்டாஃபிசிக்ஸ்' நூலின் தொடக்கத்தில் ஓர் ஏணி இருக்கிறது. முதலில் புலனுணர்வு, அதிலிருந்து நினைவு, ஒரே பொருளைப் பற்றிய பல நினைவுகள் சேர்ந்து எம்பெய்ரியா. உதாரணமும் மருத்துவம்தான்: இன்ன நோயில் காலியாசுக்கு இது குணம் தந்தது, சாக்ரட்டீசுக்கும் தந்தது என்று தெரிந்திருப்பது எம்பெய்ரியா. ஆக, புலனறிவு அதற்கு இரண்டு படி கீழே இருக்கிறது. மேல்படிக்குக் கீழ்படியின் பெயரை வைத்திருக்கிறோம்.

'அனுபவம்' வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. தமிழில் அது ஏற்கெனவே நிறைய வேலை பார்க்கிறது. பத்திரத்தில் அனுபவ பாத்தியதை என்று வரும்; சுகத்தை அனுபவிப்பதும் அதே சொல். 'அனுபவ மருத்துவர்' என்றால் கைராசிக்கார டாக்டர் என்றுதான் எவரும் நினைப்பார்.

'பட்டறிவு' சரியான சொல். 'பட்டறி, கெட்டறி, பத்தெட்டு இறுத்தறி' என்று பழமொழியே இருக்கிறது. கெட்டும் அறிய வேண்டும், பலமுறை விலை கொடுத்தும் அறிய வேண்டும். எத்தனை முறை பார்த்தால் போதும் என்று எதிரணி மருத்துவர்கள் எம்பிரிக்குகளை மடக்கியதைப் பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். ஒரு தானியம் குவியல் ஆகாது, இரண்டும் ஆகாது, பிறகு எப்போதுதான் ஆகும் என்று கேட்டார்களாம். அந்த வாதத்தை மொழிபெயர்ப்பவர் கையில் 'பத்தெட்டு' இருந்தால் எவ்வளவு வசதி! பிறர் பட்டதையும் பட்டறிவு என்று சொல்லலாம், பட்டவர் சொல்லைக் கேட்பது நம் வழக்கம்தான்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் ஆங்கில அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்துவிடுகிறார்கள், அந்தச் சொல்லை யார் எதற்காகச் சொன்னார்கள் என்று பார்ப்பதே இல்லை. செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் என்ற மருத்துவரின் பெயரிலேயே இந்தப் பிரிவு ஒட்டியிருக்கிறது. புலன்கள் காட்டுவதை அப்படியே நம்பலாமா என்று ஐயப்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். அவரையும் 'புலனறிவுவாதி' என்று அச்சடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

எம்பெய்ரியா பட்டறிவு, அந்தப் பிரிவினர் பட்டறிவு மருத்துவர், சான்று பட்டறிவுச் சான்று. அவர்கள் கொடுத்த மருந்துக்குப் புதுச் சொல்லே வேண்டாம். அதைக் கைகண்ட மருந்து என்று நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.